டெலிஜியோகிராஃபியின் கடலடிக் கேபிள் வரைபடம்: ஒரு பயனரின் மதிப்புரை

சில ஆண்டுகளுக்கு முன், நான் வலையமைப்புப் பிரிவில் பணிபுரியும் நிறுவனத்துக்காகச் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு இரண்டு இணைப்புகள் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று அறுந்தால் மற்றொன்று கைகொடுக்க வேண்டும் என்பதால், இரண்டும் வெவ்வேறு வழியில் போக வேண்டும் என்பதே எங்கள் முதல் நிபந்தனையாக இருந்தது. வந்திருந்த இரு விற்பனையாளர்களும் தத்தம் வழி முற்றிலும் தனியானது என்று எழுதியே கொடுத்தார்கள். கேபிள்களின் பெயர்களை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, டெலிஜியோகிராஃபி நிறுவனத்தின் 'சப்மரீன் கேபிள் மேப்' என்னும் இணைய வரைபடத்தில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கிப் பார்த்தபோது, இரண்டும் செங்கடலுக்குள் நுழைந்து, எகிப்தில் கரையேறி, அலெக்சாந்திரியாவில் மீண்டும் கடலுக்குள் இறங்குவது தெரிந்தது. பெயர்தான் இரண்டே தவிர, இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அந்தக் கொள்முதலைக் காப்பாற்றியதற்கு நன்றிக்கடனாக அல்லாமல், அதன் பிறகு ஏறத்தாழ வாரந்தோறும் அதைத் திறந்து பார்த்துப் பழகிய ஒருவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

டெலிஜியோகிராஃபி, வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, தொலைத்தொடர்புச் சந்தை பற்றிய தரவுகளை விற்பதைத் தொழிலாகக் கொண்ட ஆய்வு நிறுவனம். அது விற்கும் விரிவான தரவுகள் பெரும் நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகும். ஆனால் இந்த வரைபடத்தை மட்டும் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இயங்கிக்கொண்டிருப்பவையும் இனி வரவிருப்பவையுமாக 600க்கு மேற்பட்ட கேபிள்கள் வண்ணக் கோடுகளாகக் கடல்களின் மேல் பரந்து கிடக்கின்றன. ஒரு கோட்டைச் சொடுக்கினால் அது மட்டும் தனித்துத் துலங்குகிறது. பக்கத்தில் திறக்கும் பலகையில் கேபிளின் பெயர், பயன்பாட்டுக்கு வந்த அல்லது வரவிருக்கும் ஆண்டு, நீளம், உரிமையாளர்கள், அதைத் தயாரித்துக் கடலில் இட்டுத் தரும் நிறுவனம், கரையேறும் ஊர்கள் ஆகியவை வரிசையாக வருகின்றன. ஊரின் புள்ளியைச் சொடுக்கினால் அந்த ஊரில் ஏறும் கேபிள்களின் பட்டியல் கிடைக்கிறது. வேகமாகத் திறக்கிறது, தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. இவ்வளவு எளிமையாக இவ்வளவு தகவலை இலவசமாகத் தரும் வேறொரு கருவி இத்துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

அதன் தகவல்களிலிருந்து எவ்வளவு கறக்க முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, அட்லாண்டிக்கைக் கடக்கும் மரேயா கேபிளை எடுத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட்டும், இன்று மெட்டா எனப்படும் ஃபேஸ்புக்கும், ஸ்பெயினின் டெலிஃபோனிக்கா குழுமத்தைச் சேர்ந்த டெல்க்ஸியஸும் சேர்ந்து, அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சுக்கும் ஸ்பெயினின் பில்பாவோ நகருக்கு அருகிலுள்ள கடற்கரைக்கும் இடையே இட்ட இந்தக் கேபிள், 2017 செப்டம்பரில் இட்டு முடிக்கப்பட்டது. வரைபடம் காட்டும் நீளம் 6,600 கி.மீ. சொச்சம். இரு முனைகளுக்கும் இடையே பூமிப்பரப்பின் மேல் அளக்கக்கூடிய மிகக் குறுகிய தூரத்தை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். சுமார் 6,050 கி.மீ. வந்தது. மிச்சமிருக்கும் 550 கி.மீ. எங்கே போனது என்ற கேள்விதான் இந்தத் துறைக்குள் நுழைவதற்கான வாசல் என்பேன். அதை எழுப்புவதற்கு வேண்டிய எண்ணை வரைபடம் தந்துவிடுகிறது. விடை அதில் இல்லை. கடலடி மலைத்தொடர்களையும் செங்குத்துச் சரிவுகளையும் சுற்றிப் போக வேண்டிய வளைவுகளும், மேடு பள்ளங்களில் கேபிள் அந்தரத்தில் தொங்காமல் தரையோடு படிந்து கிடப்பதற்காக வேண்டுமென்றே விடப்படும் தளர்வும் சேர்ந்துதான் அந்த நீளம் கூடுகிறது. அது வெறும் செலவுக் கணக்கு மட்டுமன்று. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. வேகத்தில் செல்வதால், 6,600 கி.மீ. போய்த் திரும்ப ஏறத்தாழ 66 மில்லிவிநாடி ஆகிறது. பங்குச் சந்தை வணிகர்களுக்காக 2015இல் நியூயார்க்–லண்டன் வழியில் ஹைபர்னியா எக்ஸ்பிரஸ் என்று ஒரு தனிக் கேபிளே இடப்பட்டது. போய்த் திரும்பும் நேரத்தை 60 மில்லிவிநாடிக்குக் கீழே கொண்டுவந்ததே அதன் விற்பனைப் பெருமை.

மரேயா ஏன் வர்ஜீனியாவில் ஏறுகிறது என்பதையும் வரைபடத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் ஊகிக்கலாம். ஐரோப்பாவிலிருந்து வரும் கோடுகள் நியூயார்க், நியூஜெர்சி கரைகளில் கொத்தாகக் குவிகின்றன. 2012இல் சாண்டி புயல் அந்தப் பகுதியைத் தாக்கியபோது, அட்லாண்டிக் தொடர்பு அவ்வளவும் ஒரே கரையை நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் உறைத்தது. நெடுந்தூரம் தெற்கே தள்ளி ஒரு கரையைத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு கூகுளின் துனான் கேபிளும் அதே வர்ஜீனியா பீச்சில் ஏறி, பிரான்சின் மேற்குக் கரைக்குப் போயிற்று. ஒரு கேபிள் ஒதுங்கிப் போய்ப் புதிய கரை கண்டால், அடுத்த கேபிள் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அவற்றில் முதலாவது, கோடுகள் கேபிள்கள் கிடக்கும் உண்மையான வழியைக் காட்டுவதில்லை என்பது. இதை நிறுவனம் மறைக்கவில்லை; கோடுகள் பார்வைக்குத் தெளிவாக இருக்கும்படி சீர்படுத்தி வரையப்பட்டவை என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் கோட்டைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் குறிப்பைப் படிக்கிறார்கள்? ஒரு கேபிளின் வழி தீர்மானிக்கப்படும் முறையை அறிந்தவர்களுக்கு, அந்த வழவழப்பான வளைவுகளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

வழித் திட்டமிடல் மேசையில் தொடங்குகிறது. கடல் வரைபடங்கள், நிலநடுக்கப் பதிவுகள், மீன்பிடிப் பகுதிகள், கப்பல் தடங்கள், நங்கூரமிடும் இடங்கள், எண்ணெய்க் குழாய்கள், முன்பே கிடக்கும் கேபிள்கள், கடற்படைப் பயிற்சிப் பகுதிகள், எந்தெந்த நாட்டின் எல்லைக்குள் யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பன அனைத்தையும் தொகுத்து முதல் வழி ஒன்று வரையப்படும். பிறகு ஆய்வுக் கப்பல் அந்த வழி நெடுகச் சென்று, பல கற்றை எதிரொலிமானியால் கடலடியின் ஆழத்தை அளக்கும். கரையை அண்டிய பகுதிகளில் மண் எவ்வளவு கடினம், பாறை எங்கே தொடங்குகிறது என்பதையும் சோதிக்கும். பாறையோ சரிவோ தென்பட்டால் வழி அங்கேயே திருத்தப்படும். பழைய கேபிளைக் குறுக்கே கடக்க வேண்டிய இடங்களில், பின்னாளில் பழுதுபார்க்கும் கப்பல் ஒரு கேபிளை இழுக்கும்போது மற்றதைச் சேதப்படுத்தாதிருக்க, இயன்றவரை செங்கோணத்தை ஒட்டியே கடக்க வேண்டும் என்பது நடைமுறை. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது ஒரு நீண்ட பட்டியல்: ஒவ்வொரு திருப்பத்துக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அங்கே இட வேண்டிய கேபிள் வகை, விட வேண்டிய தளர்வு என்று வரி வரியாகப் போகும். கப்பல் அந்தப் பட்டியலின்படிதான் ஓடும். அதற்கு முன்னால் இந்த வரைபடத்தின் கோடு ஏட்டுச் சுரைக்காய். கேபிள்கள் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதுபோல் அதில் தெரிவது பார்வை வசதிக்காக ஏற்பட்ட விளைவே.

கேபிளின் உடம்பும் வழி நெடுக ஒன்றாக இருப்பதில்லை. வரைபடத்திலோ கோட்டின் தடிமன் முனைக்கு முனை ஒன்றுதான். ஆழ்கடலில் கிடக்கும் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமனுக்கு மேல் இராது: நடுவே மயிரிழை போன்ற கண்ணாடி இழைகள், அவற்றைச் சுற்றி எஃகுக் கம்பிகள், மின்சாரம் கொண்டுசெல்லும் செம்பு உறை, அதன் மேல் பாலிஎத்திலீன். கரையை நெருங்க நெருங்க அதன் மேல் ஒன்றோ இரண்டோ அடுக்கு எஃகுக் கவசக் கம்பிகள் சுற்றப்பட்டுக் கேபிள் பருத்துக்கொண்டே வரும். ஆழத்தில் மெலிந்தும் கரையோரத்தில் தடித்தும் இருப்பது முதல்முறை கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். கேபிளின் எதிரிகள் ஆழத்தில் இல்லை, இழுவலைகளும் நங்கூரங்களும் புழங்கும் ஆழம் குறைந்த கடலில்தான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் அது புரியும். உலகெங்கும் ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள் வரை பதிவாகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாலும் நேர்பவை. ஆகவே ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழம் வரையுள்ள பகுதியில், கப்பல் தன் பின்னால் ஒரு கடலடிக் கலப்பையை இழுத்துச் சென்று, மண்ணைக் கீறி, ஒரு மீட்டர் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் கேபிளைப் புதைத்துக்கொண்டே போகிறது. அப்போது கப்பலின் வேகம் மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவு. அதைத் தாண்டிய ஆழ்கடலில் புதைப்பதில்லை. கேபிளைத் தரையில் கிடத்துவதோடு சரி. ஐந்தாயிரம் மீட்டர் ஆழத்தில், கப்பலின் பின்புறத்திலிருந்து இறங்கும் கேபிள் கப்பலுக்குப் பல கிலோமீட்டர் பின்னால்தான் தரையைத் தொடுகிறது. அதனால் கப்பலில் இருப்பவர்கள் இப்போது நிகழும் தவற்றை இப்போதே காண முடியாது. வேகத்தையும் இழுவிசையையும் கணக்கிட்டே தளர்வை அளந்து விட வேண்டும்.

இடையிடையே 60 முதல் 100 கி.மீ.க்கு ஒன்றாக ரிப்பீட்டர்கள் கேபிளோடு கோத்தே இறக்கப்படுகின்றன. எர்பியம் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்கும் இந்த உருளைகளுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கரையிலுள்ள நிலையங்கள் செம்பு உறை வழியே, கண்டங்களுக்கிடையிலான நீண்ட கேபிள்களில் 10,000 வோல்ட் அளவுக்கு அனுப்புகின்றன. கடலுக்குள் போன பிறகு 25 ஆண்டுகள் கைபடாமல் வேலை செய்ய வேண்டும் என்பதே இவற்றின் வடிவமைப்புக் கணக்கு. மின்சாரத்தின் இந்த வரம்பு, ஒரு கேபிளுக்குள் எத்தனை இழை இணைகளை (போக ஓர் இழை, வர ஓர் இழை) வைக்கலாம் என்பதையும் பெருமளவு தீர்மானிக்கிறது. மரேயாவில் 8 இணைகள். விநாடிக்கு 160 டெராபிட் என்பது அதன் வடிவமைப்புக் கொள்ளளவு. சில ஆண்டுகளுக்குள் வந்த துனானில் 12, கூகுளின் மற்றோர் அட்லாண்டிக் கேபிளான கிரேஸ் ஹாப்பரில் 16. இணைப்பு வாங்கப் போகும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான எண் கிடையாது. ஆனால் இலவச வரைபடத்தின் பலகையில் இழை இணைகளும் இல்லை, கொள்ளளவும் இல்லை. 1999இல் இடப்பட்ட கேபிளும் சென்ற ஆண்டு இடப்பட்ட கேபிளும் ஒரே தடிமனில் பக்கம் பக்கமாகக் கிடப்பதைப் பார்த்து, 'ஐந்து கேபிள் இருக்கிறதே, ஒன்று போனால் என்ன' என்று கருதிவிடுவது எளிது. போனது எது என்பதைப் பொறுத்திருக்கிறது.

ஆழத்தைக் காட்டாததைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். கண்டங்கள் ஒரு நிறம், கடல் ஒரு நிறம், அவ்வளவே. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்ஸ் பகுதியில் 1929 நவம்பர் 18 அன்று நிலநடுக்கம் ஏற்பட்டபோது, 12 தந்திக் கேபிள்கள் அறுந்தன. நடுக்கத்தின் மையத்தை ஒட்டியிருந்தவை உடனே அறுந்தன. அதற்குத் தெற்கே சரிவின் கீழே கிடந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல், 13 மணி நேரத்துக்கு மேலும் அறுந்துகொண்டே போயின. நடுக்கம் கிளப்பிய சேறும் மணலும் கலந்த நீரோட்டம் சரிவில் பாய்ந்து சென்று கேபிள்களை வரிசையாக வெட்டியிருக்கிறது என்பதை, அறுந்த நேரங்களை வைத்தே புவியறிவியலாளர்களான ஹீசனும் யூவிங்கும் 1952இல் விளக்கினார்கள். 2020 ஜனவரியில் காங்கோ ஆற்றின் கடலடிப் பள்ளத்தாக்கில் பாய்ந்த இத்தகைய சேற்றோட்டம் 1,100 கி.மீ.க்கு மேல் ஓடி, மேற்கு ஆப்பிரிக்கக் கேபிள்களை அறுத்தது. இந்தப் பள்ளத்தாக்குகள் வரைபடத்தில் இருந்திருந்தால், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் இணையாகப் போகும் கோடுகள் எந்த இடத்தில் ஒரே ஆபத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது பார்த்தவுடன் தெரிந்திருக்கும். இப்போதைக்கு நான் செய்வது, கடலாழத் தரவுகளை இலவசமாகத் தரும் ஜெப்கோவின் வரைபடத்தை இன்னொரு சாளரத்தில் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பது. கண் வலிக்கும் வேலைதான் என்றாலும், இரண்டும் சேரும்போதுதான் வழி ஏன் வளைகிறது என்பது விளங்குகிறது.

பார்வைக்காக விலக்கி வரையப்பட்ட கோடுகள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு எகிப்தைப் போன்ற சான்று வேறில்லை. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கேபிள்களில் மிகப் பெரும்பாலானவை செங்கடலில் நுழைந்து, எகிப்தின் நிலப்பரப்பைக் கடந்து, மத்தியதரைக் கடலுக்குப் போகின்றன. வரைபடத்தில் அவை இழை இழையாகப் பிரிந்து தெரிகின்றன. ஆனால் 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய இரண்டு கேபிள்களும் சேர்ந்து அறுந்தபோது, இந்தியாவின் இணையம் நாடெங்கும் தள்ளாடியது. 2024 பிப்ரவரியில், தாக்கப்பட்டு மாலுமிகளால் கைவிடப்பட்ட ருபிமார் கப்பல் செங்கடலில் மிதந்து திரிந்தபோது, அதன் நங்கூரம் மூன்று கேபிள்களை இழுத்து அறுத்ததாகக் கருதப்படுகிறது. ஒரே நங்கூரத்துக்கு எட்டும் நெருக்கத்தில் கிடப்பவற்றை வரைபடம் கைவிரல் அகலத்துக்கு விலக்கி வைத்திருக்கிறது. என் முதல் அனுபவத்தில் எனக்கு உதவியது கரையேறும் ஊர்களின் பட்டியலே. கோடுகளை மட்டும் பார்த்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன். ஆகவே இதைப் பயன்படுத்தும் எவரும் கோட்டை நம்பாமல் பட்டியலை நம்ப வேண்டும் என்பது என் அறிவுரை.

பட்டியலிலும் ஓரிடத்தில் கவனம் தேவை. ஒரு கேபிளுக்கு ஓர் ஆண்டுதான் குறிக்கப்படுகிறது. கூகுளின் ஈக்வியானோ கேபிள் போர்ச்சுகலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை போகும் வழியில், தென் அட்லாண்டிக்கின் நடுவே உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கு 1,100 கி.மீ.க்கும் நீண்ட கிளை ஒன்றை அனுப்புகிறது. சில ஆயிரம் பேரே வாழும் அந்தத் தீவில் கேபிளின் முனை 2021 ஆகஸ்டில் கரையேறியது. மக்களுக்குச் சேவை கிடைத்தது 2023 அக்டோபரில்தான். கரையில் கேபிள் கிடந்தும் அதுவரை அவர்கள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தார்கள். 45,000 கி.மீ. நீளத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்றி 33 நாடுகளைத் தொடும் 2ஆப்பிரிக்கா போன்ற பெருந்திட்டங்களில், பகுதிக்குப் பகுதி ஆண்டு வேறுபடுவதால், ஒற்றை ஆண்டு என்பது ஏறக்குறையப் பொருளற்றதாகிவிடுகிறது.

அரசியல் இதைவிட நுட்பமாக மறைகிறது. பசிபிக் லைட் கேபிள் நெட்வொர்க் என்ற கோட்டைச் சொடுக்கினால், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீசை ஒட்டிய எல் செகுண்டோவிலிருந்து தைவானுக்கும் பிலிப்பைன்சுக்கும் போகும் சாதாரணக் கேபிளாகவே தெரியும். உண்மையில் அது 2016இல் லாஸ் ஏஞ்சலீசையும் ஹாங்காங்கையும் நேரே இணைக்கும் கேபிளாக அறிவிக்கப்பட்டது. கடலில் இடப்பட்டும் ஆயிற்று. 2020இல் அமெரிக்க அரசின் பாதுகாப்புக் குழு ஹாங்காங் இணைப்புக்கு அனுமதி தர வேண்டாம் என்று பரிந்துரைத்ததால், கூகுளும் ஃபேஸ்புக்கும் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கு மட்டும் அனுமதி கேட்டுப் பெற்றன. கண்டங்களுக்கிடையிலான கேபிளில் கடல் ஆய்வைவிட அனுமதிக் கோப்புகள் அதிக நாள் பிடிப்பது புதிதன்று. ஆனால் முழுதாக இட்ட பிறகு ஒரு முனையைக் கைவிட நேர்ந்தது அரிது. பலகையில் 'மாற்றம்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

சென்னையின் புள்ளியைச் சொடுக்கிப் பார்ப்பது நம்மவர்களுக்குப் பிடிக்கும். இந்தியாவின் பார்தி நிறுவனமும் சிங்கப்பூரின் சிங்டெல் நிறுவனமும் 2002இல் சிங்கப்பூருக்கு இட்ட ஐ2ஐ, மார்செய் முதல் சிங்கப்பூர் வரை 18,800 கி.மீ. நீளும் சீ-மீ-வீ 4 முதலியவை வருகின்றன. இந்த இரண்டாவது கேபிள் மும்பையிலிருந்து சென்னைக்கு வருவதற்கு இலங்கையைத் தெற்கே முழுதாகச் சுற்றி, வழியில் கொழும்பையும் தொட்டுவிட்டு வருகிறது. பாக் நீரிணை ஆழமற்றது, மணல் திட்டுகள் நிறைந்தது, கேபிள் கப்பலுக்கு ஏற்றதன்று. ஆழம் காட்டாத இந்த வரைபடத்தில், அந்தச் சுற்று ஏதோ வீண் அலைச்சல் போலவே தோன்றும்.

கைபேசியில் இதைப் பயன்படுத்த நான் பரிந்துரைக்க மாட்டேன். எகிப்து, சிங்கப்பூர் போன்ற நெருக்கமான இடங்களில் விரலால் ஒரு கோட்டைச் சரியாகத் தொடுவதற்குள் பொறுமை போய்விடும். கணினியும் சுட்டியும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. சுவரில் மாட்டும் அச்சு வரைபடங்களையும் இந்நிறுவனம் விற்கிறது. 2015ஆம் ஆண்டுக்குரியது பழங்கால மாலுமிகளின் வரைபடப் பாணியில் அமைந்த அழகான ஒன்று. அழகுக்கு அது, வேலைக்கு இணையப் பதிப்புதான்.

நான் கேட்க விரும்பும் கூடுதல் வசதி ஒன்றே ஒன்று. பணி முடிந்து ஓய்வு பெற்ற கேபிள்கள் இந்த வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டுவிடுகின்றன. அட்லாண்டிக்கின் முதல் ஒளியிழைக் கேபிளான டாட்-8, 1988இல் வந்து 2002இல் ஓய்வு பெற்றது. அதைத் தேடினால் கிடைக்காது. ஆண்டைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்க ஒரு வழி இருந்திருந்தால், 1870–71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு இடப்பட்ட தந்திக் கேபிளின் மேல் 2002இன் ஐ2ஐ கோட்டை வைத்துப் பார்த்திருக்கலாம். இடையில் 130 ஆண்டுகள் போயும் வங்கக் கடலில் இரண்டும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்பது தெரிந்திருக்கும். அது வரும்வரை, பழைய தந்தி வரைபடத்தின் நகல் ஒன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.